காலியாகத் தெரியும் வைஃபை சனலில் போய் உட்காராதீர்கள்

வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கைகளில் ஏதாவது ஒரு தொடர்மாடியில் நின்று போனில் வைஃபை பட்டியலைத் திறந்து பாருங்கள். இருபது, முப்பது பெயர்கள் வரிசையாக வரும். அக்கா வீட்டிலும் அப்படித்தான். மகளுக்கு இரவு ஏழு மணிக்கு ஸூம் வகுப்பு. ஆசிரியரின் குரல் வெட்டி வெட்டி வந்தது. அத்தான் ஏற்கெனவே ரவுட்டரின் (வீட்டுக்கு வைஃபை தரும் பெட்டி) சனலை, அதாவது அது பேசும் அலைவரிசையை, மாற்றிப் பார்த்திருந்தார். சிக்னல் பார்க்கும் செயலியில் 1இலும் 6இலும் மலை மலையாகக் கோடுகள், 3இல் யாருமே இல்லை. சரி, இதுதான் நல்ல இடம் என்று 3ஐப் போட்டுவிட்டார்.

கூடுதலானோர் விடும் தவறு இது. வைஃபை பயன்படுத்தும் 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைப்பட்டையில் ஒரு சனலுக்கும் அடுத்ததற்கும் இடையில் 5 மெகாஹேர்ட்ஸ்தான். ரவுட்டருக்கோ ஏறக்குறைய 20 மெகாஹேர்ட்ஸ் அகலம் வேண்டும். அதனால் 3இல் இருக்கும் ரவுட்டர் 1இன் மேலும் 6இன் மேலும் சாய்கிறது. ஒரே சனலில் இருக்கும் ரவுட்டர்கள் ஒன்றையொன்று கேட்டு, முறை வைத்துக் கதைக்கும். அரைகுறையாக மேலே விழும் சனலின் பேச்சு அவற்றுக்கு வெறும் இரைச்சல். பிள்ளையின் வகுப்பும் கெடும், பக்கத்து வீட்டாருடையதும் கெடும். ஒன்றையொன்று தொடாத 1, 6, 11 என்ற மூன்றுக்குள்ளேயே நில்லுங்கள். மூன்றிலும் ஆள் இருந்தால் எண்ணிக்கையை மட்டும் பார்க்க வேண்டாம். செயலி காட்டும் சிக்னல் பலம் பூச்சியத்துக்குக் கிட்ட வரவரக் கூடுதல். சுவருக்கு அப்பால் -50 காட்டும் ஒரு ரவுட்டர், தூரத்தில் -85 காட்டும் நாலைந்தைவிடப் பெரிய தொல்லை.

வேகம் கூடும் என்று 2.4இல் அகலத்தை 40 மெகாஹேர்ட்ஸ் ஆக்குவதும் வேண்டாம். தொடர்மாடியில் அது இருக்கிற இடத்தில் பாதியை விழுங்கிவிடும். 12, 13 சனல்களையும் விட்டுவிடுங்கள். அமெரிக்காவிலிருந்து சித்தப்பா அனுப்பிய போனுக்கு அந்தச் சனல்கள் தெரியாமலே போகலாம்.

அப்புறம், எங்கே நின்று பார்க்கிறோம் என்பது. அத்தான் பார்த்தது காலையில், ரவுட்டருக்குப் பக்கத்தில். மகள் படிப்பதோ இரவில், லிப்ட் சுவருக்கு அந்தப் பக்க அறையில். நான் அதே அறையில் ஏழு மணிக்குப் பார்த்தபோது கோடுகள் வேறு மாதிரி இருந்தன. 11தான் கொஞ்சம் ஓய்வாக இருந்தது. அதற்கு மாற்றியதும் குரல் வெட்டுவது நின்றது. லப்டொப்பை வைஃபையின் மற்ற அலைப்பட்டையான 5 கிகாஹேர்ட்ஸில் சேர்த்தோம். சுவர் தாண்டினால் அது பலம் குறையும், ஆனால் நெரிசல் குறைவு. அதில் 36 முதல் 48 வரையான சனல்கள் பாதுகாப்பானவை. 52 முதல் 144 வரை ராடருக்கும் உரியவை. ராடர் சிக்னல் கேட்டால் ரவுட்டர் அந்தச் சனலை விட்டு விலகியே ஆக வேண்டும், இணைப்பு திடீரென்று அறும்.

மாற்றுவதற்குப் பின்பக்கத் துளையில் ஊசி குத்தாதீர்கள். அது எல்லா அமைப்பையும் அழிக்கும், ஃபைபர் இணைப்பே நின்றுபோகலாம். பிரவுசரில் 192.168.1.1 போன்ற முகவரியைத் தட்டினால் போதும். சரியான முகவரியும் பாஸ்வேர்டும் பெரும்பாலும் ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும். பழைய சனல் எண்ணைக் குறித்துவைத்துவிட்டு மாற்றுங்கள்.

இதற்கெல்லாம் முன்னால் லப்டொப்பைக் கேபிளில் ரவுட்டரோடு இணைத்துப் பாருங்கள். அதிலும் மெதுவாக இருந்தால் சிக்கல் சனலில் இல்லை, இணைப்பு தரும் நிறுவனத்துக்குத்தான் அழைக்க வேண்டும்.