நோவாட்டாக் ஆற்றில் முதல் படகுப் பயணம்: எங்கிருந்து தொடங்குவது?

அலாஸ்காவில், ஆர்க்டிக் வட்டத்துக்கு வடக்கே, இகிக்பாக் மலையில் பிறக்கிறது நோவாட்டாக். அங்கிருந்து 600 கிலோமீட்டருக்கு மேல் ஓடி, காட்ஸிபூ ஊருக்கு அருகே கடலில் சேர்கிறது. வழியில் அணை கிடையாது, கரையோரம் சாலை கிடையாது. 1980-ல் இந்த ஆற்றின் பெரும்பகுதியைக் 'காட்டு ஆறு' என்று அமெரிக்கா சட்டம் போட்டுப் பாதுகாத்தது. நீரோட்டம் அவ்வளவு முரட்டுத்தனமானது இல்லை. ஆனால் ஏதாவது ஆனால் ஓடிவர யாரும் இல்லை. அதனால் துடுப்புப் போட்டே பழகாதவர்கள் வழிகாட்டியோடு மட்டும் போங்கள்.

1. தூரத்தை முடிவு செய்யுங்கள். முழு ஆற்றுக்கும் ஆசைப்பட வேண்டாம். மேல்பகுதியில், ட்வெல்வ்மைல் ஓடைப் பக்கம் இறங்கி மட்சராக் ஏரியில் முடிப்பது முதல் பயணத்துக்குப் போதும். ஒரு வாரம் ஒதுக்குங்கள். ஜூன், ஜூலையில் கொசு மொய்த்து எடுத்துவிடும். ஆகஸ்டில் அது குறையும், குளிர் கூடும். நான் ஆகஸ்டைத்தான் சொல்வேன்.

2. விமானத்தைப் பேசுங்கள். ஃபேர்பேங்க்ஸ் நகரிலிருந்து பெட்டில்ஸ் என்ற சிற்றூர், அங்கிருந்து ஏரியில் இறங்கும் குட்டி விமானம். அதில் எடைதான் எல்லாம். மடிக்கும் படகோ காற்றடைக்கும் படகோ கொண்டுபோனால் சுலபம். அடுப்பு எரிபொருளைப் பயணிகள் விமானத்தில் ஏற்ற விடமாட்டார்கள். பெட்டில்ஸில் கிடைக்குமா என்று முன்பே கேட்டுவையுங்கள். மேல்பகுதியில் மரங்களே இல்லை, விறகை நம்ப முடியாது.

3. ஆற்றின் மேல்பகுதி கேட்ஸ் ஆஃப் தி ஆர்க்டிக் தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது; பெட்டில்ஸில் அந்தப் பூங்காவின் நிலையத்துக்குப் போங்கள். கரடி, ஆறு, முகாம் பற்றி விளக்குவார்கள், கவனமாகக் கேளுங்கள். கரடி திறக்க முடியாத உணவுப் பெட்டி இங்கே கட்டாயம். பற்பசையும் சோப்பும்கூட அதற்குள்தான்.

4. முகாம். இதில்தான் புதியவர்கள் தவறு செய்கிறார்கள். கூழாங்கல் திட்டில் கூடாரம் போடுவது நல்லதுதான்: காற்று கொசுவை விரட்டும், கரடி வந்தால் தூரத்திலேயே தெரியும். ஆனால் தண்ணீரை ஒட்டிப் போடாதீர்கள். இங்கே மண்ணுக்கு அடியில் நிலம் ஆண்டு முழுக்க உறைந்தே கிடக்கிறது. மழை உள்ளே இறங்காமல் அப்படியே ஆற்றுக்கு ஓடிவந்துவிடும். மலையில் பெய்த மழைக்கு இங்கே ராத்திரியில் தண்ணீர் ஏறும். கரையோரம் ஒரு குச்சி நட்டு, படுக்கும்முன் ஒருமுறை பாருங்கள். படகை மேலே இழுத்துக் கவிழ்த்துக் கட்டுங்கள். படகு போய்விட்டால் நடந்து போக ஊர் கிடையாது. சமையலைப் படுக்கும் கூடாரத்திலிருந்து குறைந்தது முந்நூறு அடி எட்டி, காற்று வாசனையைக் கூடாரத்துக்குக் கொண்டுவராத பக்கம் வையுங்கள்.

5. தண்ணீரில். மிதவைச் சட்டையைக் கழற்றவே கழற்றாதீர்கள். ஜூலையிலும் அந்தத் தண்ணீர் விரலை மரக்க வைக்கும். மாற்று உடை நீர்புகாத பையில், கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். கரிபு என்ற வடதுருவ மான்களின் கூட்டம் ஆற்றைக் கடந்தால் ஒதுங்கி நின்று முழுவதும் போகவிடுங்கள். அப்புறம் துடுப்பைத் தொடலாம்.

6. திரும்பும் நாள். ஏரிக்கு ஒரு நாள் முன்பே வந்துவிடுங்கள். மூடுபனி இருந்தால் விமானம் வராது, இரண்டு மூன்று நாள்கூட. அதற்கான சாப்பாட்டைப் பெட்டியின் அடியில் முதலிலேயே எடுத்துவைத்துவிட்டு, வேறு எதற்கும் தொடாதீர்கள்.