நூல் முதல் கன்டெய்னர் வரை: பனியன் கம்பெனியில் பர்ச்சேஸ் பார்ப்பது எப்படி

திருப்பூரில் பர்ச்சேஸ் என்றால் பொருள் வாங்குவது பாதி வேலைதான். மீதிப் பாதி, வேலையை வாங்குவது. நூலை ஒரு மில்லில் எடுக்கிறோம். நிட்டிங் அவினாசி ரோட்டில் ஒரு ஷெட்டிலும், சாயம் வேறொரு பட்டறையிலும், காம்பாக்டிங் (துணி பின்னால் சுருங்காதபடி அமுக்கிச் சரிசெய்வது) மூன்றாவது இடத்திலும், பிரிண்டிங் நான்காவது இடத்திலும் நடக்கிறது. ஒரு டீ-சர்ட்டின் துணி கட்டிங் டேபிளுக்கு வருவதற்குள் நான்கைந்து வாசல்களைத் தாண்டுகிறது. ஒவ்வொரு வாசலிலும் இரண்டு விஷயம் கரையும்: கிலோவும் நாளும். இந்த இரண்டையும் வாசலுக்கு வாசல் எழுதி வைப்பவரிடம்தான் பர்ச்சேஸ் கட்டுக்குள் இருக்கும். ரேட் பேசுவது அதற்கு அப்புறம்.

நூல் கணக்கைப் பின்னாலிருந்து போடுங்கள்

ஆர்டர் 10,000 பீஸ், 30ஆம் நம்பர் கோம்ட் நூல் (குட்டை இழையைச் சீவி எடுத்தது), சிங்கிள் ஜெர்சி (டீ-சர்ட்டுக்கான மெல்லிய பின்னல்), 150 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 150 கிராம் எடை) என்று வைத்துக்கொள்வோம். செக்கிங்கில் கழிவதற்காக 3 சதவீதம் கூடுதலாக வைத்தால் வெட்ட வேண்டியது 10,300 பீஸ். கட்டிங் வேஸ்ட்டும் சேர்த்து ஒரு பீஸுக்கு 170 கிராம் துணி என்றால், கட்டிங்குக்கு வர வேண்டிய கலர் துணி 1,751 கிலோ.

இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். சாயத்திலும் காம்பாக்டிங்கிலும் 7 சதவீதம், நிட்டிங்கில் ஒன்றரை சதவீதம் லாஸ் என்று இரண்டையும் கூட்டி, எட்டரை சதவீதத்தை 1,751-க்கு மேல் ஏற்றிவிடுகிறார்கள். 1,900 கிலோ வருகிறது. ஆனால் லாஸ் கழிவது உள்ளே போகும் எடையிலிருந்து. வெளியே வரும் எடையிலிருந்து இல்லை. ஆகவே வகுக்க வேண்டும். 1,751-ஐ 0.93-ஆல் வகுத்தால் கிரே துணி (சாயம் ஏறாத துணி) 1,883 கிலோ. அதை 0.985-ஆல் வகுத்தால் நூல் 1,912 கிலோ. பன்னிரண்டு கிலோதான் வித்தியாசம் என்று தோன்றும். அது கடைசியில் அறுபது பீஸுக்கு மேல். லாஸ் சதவீதத்தை உங்கள் பழைய ஆர்டர்களின் டிசியிலிருந்து (டெலிவரி சலானிலிருந்து) எடுங்கள். அடுத்த கம்பெனி சொல்வதை வைத்துப் போடாதீர்கள். வெள்ளைக்கும் நேவிக்கும் (கருநீலம்), ஓப்பன் வித்துக்கும் (நீளவாக்கில் வெட்டி விரித்த துணி) டியூபுலருக்கும் (குழாய் வடிவத் துணி) அது மாறும். கழுத்து ரிப்பை இதே கணக்கில் சேர்க்காமல் தனியாகப் போடுங்கள்.

நூல் ஆர்டரில் எழுத வேண்டியது

“30 கோம்ட் இரண்டு டன் அனுப்புங்க” என்று வாட்ஸ்அப்பில் போடுவது ஆர்டர் ஆகாது. மில் பெயர், கவுண்ட் (நூல் நம்பர்), கோம்டா கார்டடா (சீவியதா சீவாததா), கன்டாமினேஷன் கன்ட்ரோல்டு (வேற்று இழை கலக்காதது) வேண்டுமா, கோன் எடை, ரேட், ஜிஎஸ்டி, எந்த நிட்டிங் கம்பெனியில் இறக்க வேண்டும், எந்தத் தேதிக்குள், பணம் எத்தனை நாளில் என்று ஒரு பக்கத்தில் இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக இன்னொரு வரி: “முழுச் சரக்கும் ஒரே லாட்.”

லாட் (ஒரே தடவையில் ஓட்டிய சரக்கு) கலந்தால் கிரே துணியில் ஒன்றும் தெரியாது. பருத்தியின் முதிர்ச்சியும் மைக்ரோனேரும் (இழையின் பருமன் அளவு) லாட்டுக்கு லாட் மாறுவதால் சாயத்தை வெவ்வேறு அளவில் இழுக்கும். சாயம் ஏறி வந்த பிறகு துணியில் குறுக்கே பட்டை பட்டையாக பாரே விழும். அப்போது மில் நிட்டிங்கைச் சொல்லும், நிட்டிங் சாயப்பட்டறையைச் சொல்லும். கோன் லேபிளில் உள்ள லாட் நம்பரை இறக்கும்போதே போட்டோ எடுத்து வைத்திருந்தால் பேச்சு ஐந்து நிமிடத்தில் முடியும். தவிர்க்கவே முடியாமல் இரண்டு லாட் வந்தால் ஒரு கலருக்கு ஒன்று என்று பிரித்துக் கொடுங்கள். ஒரே மெஷினில் இரண்டையும் ஏற்ற விடாதீர்கள்.

கிலோவுக்கு ஐந்து ரூபாய் குறைவு என்று தெரியாத மில் நூலை எடுத்தால் மேலே சொன்ன ஆர்டரில் மிச்சம் 9,560 ரூபாய். பஞ்சுப் பேல் கட்டும் வெள்ளைச் சாக்கின் பிபி (பிளாஸ்டிக்) இழை நூலில் கலந்திருந்தால் அது சாயத்தை வாங்காது. நேவி துணியில் வெள்ளைப் புள்ளியாக நிற்கும். ஆளை உட்கார வைத்து ஊசியால் பிடுங்கும் கூலியிலேயே அந்த மிச்சம் போய்விடும். முதிராத பஞ்சின் நெப்ஸும் (சிறு இழை முடிச்சுகள்) அடர் கலரில்தான் காட்டிக்கொடுக்கும். மலிவு நூலை எடுத்தே ஆக வேண்டுமென்றால் வெள்ளைக்கு ஒதுக்குங்கள்.

மில்கள் பெரும்பாலும் மாதத் தொடக்கத்தில் நூல் விலையை அறிவிக்கின்றன. பையருக்குக் கொடுக்கும் காஸ்டிங்கில் எந்த நூல் விலையை வைத்துப் போட்டது, எந்தத் தேதி வரை செல்லும் என்று எழுதாவிட்டால் ஏற்றம் முழுவதும் உங்கள் தலையில். ஆர்டர் உறுதியாகாமல் விலை ஏறும் என்ற ஊகத்தில் நூல் அடுக்குவது பர்ச்சேஸ் வேலை இல்லை. அது வேறு வியாபாரம்.

இறங்கும் நூலை எடை போடும்போது ஈரப்பதமும் கணக்கில் வரும். பருத்தி நூலுக்கு வணிகத்தில் ஏற்றுக்கொண்ட ஈரப்பத அளவு 8.5 சதவீதம். அதற்கு மேல் இருக்கும் தண்ணீருக்கு நீங்கள் நூல் விலை கொடுக்கிறீர்கள்.

நிட்டிங்கும் சாயமும்

நிட்டிங் புரோகிராமில் டயா (மெஷின் விட்டம்), கேஜ் (அங்குலத்துக்கு எத்தனை ஊசி), லூப் லெங்த் (ஒரு கண்ணியின் நூல் நீளம்), கிரே ஜிஎஸ்எம், ஃபினிஷ் ஜிஎஸ்எம், ரோல் எடை எல்லாம் இருக்க வேண்டும். முதல் ரோல் இறங்கியதும் மெஷினை நிறுத்தச் சொல்லி, லைட் வைத்துப் பார்த்து, ஊசிக் கோடு, எண்ணெய்க் கோடு இல்லை என்று உறுதிசெய்த பிறகு ஓட விடுங்கள். மீதி நூலைக் கோன் எண்ணிக்கையோடு திரும்ப வாங்காமல் நிட்டிங் பில்லைப் பாஸ் பண்ணாதீர்கள்.

சாயப்பட்டறைதான் இந்தச் சங்கிலியில் நாள் அதிகம் தின்னும் இடம். சென்னை உயர் நீதிமன்றம் 2011 ஜனவரியில் உத்தரவிட்டு நொய்யல் கரைப் பட்டறைகள் மூடப்பட்டபோது, கையில் ஆர்டர் இருந்தும் சாயம் போட ஊர் ஊராக அலைய வேண்டியிருந்தது. சாயநீரை முழுவதும் சுத்திகரித்து, ஒரு சொட்டும் வெளியே விடாமல் நடத்த வேண்டும் என்ற நிபந்தனையில்தான் இன்று பட்டறைகள் ஓடுகின்றன. சுத்திகரிப்பு நிலையத்தில் கோளாறு என்றால் பட்டறையும் நிற்கும். அதனால் இரண்டு பட்டறை வேண்டும். ஒருவருக்கு 70, இன்னொருவருக்கு 30 என்ற அளவில் இருவருக்குமே தொடர்ந்து வேலை கொடுங்கள். அவசரத்துக்கு மட்டும் போய் நிற்கும் ஆளுக்கு யாரும் மெஷின் ஒதுக்க மாட்டார்கள். பையர் ஓகே பண்ணிய லேப் டிப் (கலர் மாதிரித் துண்டு) இரண்டு இடத்திலும் இருக்கட்டும். ஆறு பட்டறைக்குப் பிரித்துக் கொடுப்பது இதைவிட மோசம். யாருக்கும் நீங்கள் முக்கியமான பார்ட்டியாக இருக்க மாட்டீர்கள்.

லாட் போடும்போது மெஷின் கொள்ளளவைக் கேளுங்கள். 250 கிலோ மெஷினில் 90 கிலோ கலரை ஏற்றினால் தண்ணீர் விகிதம் மாறும், ஷேடு தள்ளும், ரேட்டும் கூடும். பையர் சின்னச் சின்னக் கலராகக் கேட்டால் அந்தக் கூடுதல் செலவைக் காஸ்டிங்கிலேயே காட்டிவிடுங்கள். பாடியும் ரிப்பும் ஒரே தொட்டியில் ஏற வேண்டும் என்று டிசியிலேயே எழுதுங்கள். ஷேடைப் பையர் சொன்ன விளக்கில், டி65 (பகல் வெளிச்சம் போன்ற விளக்கு) என்றால் டி65-இல், டிஎல்84 (கடை விளக்கு) என்றால் டிஎல்84-இல் பாருங்கள். வாசல் வெயிலில் பார்த்து ஓகே சொன்ன துணி கடை விளக்கில் வேறு கலராகத் தெரியும்.

போனில் கேட்டால் எப்போதும் வரும் பதில், “நாளைக்கு வந்துருமுங்க அண்ணா.” அதைக் கேட்டு வைத்துவிடாதீர்கள். “எந்த மெஷின்ல ஏறியிருக்குங்க? லாட் நம்பர் சொல்லுங்க” என்று அடுத்த கேள்வியைப் போடுங்கள். லாட் நம்பர் வந்தால் துணி ஏறியிருக்கிறது. “பாத்துட்டுக் கூப்புடறனுங்க” என்றால் இன்னும் தரையில்தான் கிடக்கிறது. ஆளை நேரில் அனுப்புங்கள்.

கலர் துணி வந்ததும்

எடை போடுவதோடு நிறுத்தினால் ஏமாறுவீர்கள். ஜிஎஸ்எம் கட்டரால் ரோலுக்கு மூன்று இடத்தில் வெட்டுங்கள். அந்த வட்டம் 100 சதுர சென்டிமீட்டர்; கிராம் எடையை நூறால் பெருக்கினால் ஜிஎஸ்எம். 1.50 கிராம் வந்தால் 150.

இதை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறோம் என்றால், 150 கேட்ட இடத்தில் 158 வந்துவிட்டால் எடை சரியாக 1,751 கிலோ இருக்கும், பில்லும் சரியாக இருக்கும், துணியின் நீளம் மட்டும் குறைந்திருக்கும். வெட்டினால் 10,300-க்குப் பதில் 9,778 பீஸ்தான். கூடுதலாக வைத்த 3 சதவீதம் போய், ஆர்டரிலேயே 222 பீஸ் குறைகிறது. கட்டிங் மாஸ்டர் “துணி பத்தலைங்க” என்று சொல்லும்போது ஷிப்மென்ட்டுக்குப் பத்து நாள்தான் இருக்கும். அந்த 222 பீஸுக்காக மறுபடி 40 கிலோவுக்குக் கிட்ட சாயம் போட்டால் அது வேறு லாட், வேறு ஷேடு. ஜிஎஸ்எம்முக்கு 5 சதவீத விலகல் எல்லாரும் ஒத்துக்கொள்வதுதான். ஆனால் கிலோவில் வாங்கும் நமக்கு மேல்பக்க விலகல் முழுவதும் நஷ்டம். ஆர்டரில் மேல்பக்கம் 2, கீழ்ப்பக்கம் 4 என்று பேசிப் பாருங்கள். கீழ்ப்பக்கத்தைப் பையர் ஒத்துக்கொண்டால் உங்களுக்கு லாபம்.

சுருக்கம் பார்க்க 50-க்கு 50 சென்டிமீட்டர் சதுரம் குறித்து, துவைத்து, காயவைத்து அளந்து பாருங்கள். நீளத்தில் இரண்டரை சென்டிமீட்டருக்கு மேல் போனால் 5 சதவீதத்தைத் தாண்டிவிட்டது; காம்பாக்டிங்குக்குத் திருப்பி அனுப்புங்கள். குறைகளுக்கு நான்கு புள்ளி முறை போதும்: 3 அங்குலம் வரை ஒரு புள்ளி, 6 வரை இரண்டு, 9 வரை மூன்று, அதற்கு மேல் நான்கு. 100 சதுர கஜத்துக்கு 40 புள்ளிக்கு மேல் போன ரோலைத் தனியாக வையுங்கள். வெட்டிய துணியைத் திருப்பி எடுக்க மாட்டார்கள். ஆகவே இது எல்லாம் கட்டிங்குக்கு முன்னால்.

லேபிள், பட்டன், பாலி பேக்

பணம் முழுக்க நூலிலும் சாயத்திலும் இருக்கிறது. ஷிப்மென்ட்டை நிறுத்துவது பெரும்பாலும் ஒரு வாஷ் கேர் லேபிள். பையரே சப்ளையரைக் குறித்துக் கொடுத்திருந்தால் ஆர்டர் வந்த வாரத்திலேயே போட்டுவிடுங்கள். அவர்கள் உங்கள் அவசரத்துக்கு ஓட மாட்டார்கள். உலோக ஸ்னாப் பட்டன் ஐரோப்பாவுக்குப் போகிறது என்றால் நிக்கல் டெஸ்ட் ரிப்போர்ட் கேளுங்கள். எலாஸ்டிக்கை ரோலிலிருந்து பிரித்து ஒருநாள் தளர விட்ட பிறகு வெட்டச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் தைத்த பிறகு இடுப்பு சுருங்கும்.

பிரிண்ட் இல்லாத பாலி பேக், டேப், தையல் நூல் போல எல்லா ஆர்டருக்கும் ஆகும் பொருளை மட்டும் ஸ்டாக் வையுங்கள். ஒரு நாளைக்கு 2,000 பாலி பேக் செலவு, சொன்னால் வந்துசேர 6 நாள், முன்பின்னாக ஆவதற்கு இன்னும் 4 நாள் என்றால், கையில் 20,000 வந்ததும் அடுத்த ஆர்டர் போட வேண்டும். பையர் பெயர் அச்சிட்டது எதுவும் ஸ்டாக் ஆகாது. ஆர்டர் முடிந்தால் அது குப்பை.

ஆர்கானிக் ஆர்டர் என்றால் காகிதமும் துணியோடு சேர்ந்து நகர வேண்டும். ஜிஓடிஎஸ் என்ற ஆர்கானிக் துணித் தரச் சான்றில் நிட்டிங், சாயம், தையல் என ஒவ்வொரு கட்டமும் சான்று பெற்ற இடமாக இருக்க வேண்டும். நடுவில் ஒரு இடம் சான்று இல்லாததாகிவிட்டால் அதற்குப் பிறகு அது ஆர்கானிக் இல்லை, வெறும் பருத்தி. டிரான்ஸாக்‌ஷன் சர்ட்டிபிகேட்டில் உள்ள கிலோவும் உங்கள் நூல் கணக்கும் ஒத்துப்போகிறதா என்று சரக்கு இறங்கிய அன்றே பாருங்கள்.

தேதியும் பணமும்

காலண்டரை ஷிப்மென்ட் தேதியிலிருந்து பின்னோக்கிப் போடுங்கள். தூத்துக்குடியில் கப்பலுக்குச் சரக்கு ஏற்றுக்கொள்ளும் கடைசி நேரத்திலிருந்து தொடங்கி, வண்டி, பேக்கிங், தையல், கட்டிங், பிரிண்டிங், சாயம், நிட்டிங் என்று பின்னால் வாருங்கள். நடுவில் தீபாவளியோ பொங்கலோ வந்தால் விடுமுறையோடு நின்றுவிடாது. தீபாவளிக்கு ஊருக்குப் போன பீகார், ஒடிசா ஆட்கள் முழுதாகத் திரும்பும்வரை பட்டறையும் பவர் டேபிளும் (தையல் மெஷின் வரிசை) அரைக் கையோடு ஓடும். அந்த வாரங்களையும் காலண்டரில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஜாப் ஒர்க்குக்கு (வெளியே கூலிக்குச் செய்து வாங்கும் வேலைக்கு) போகும் ஒவ்வொரு கிலோவுக்கும் டிசி போடுங்கள். ஜிஎஸ்டி சட்டப்படி அனுப்பிய சரக்கு ஓராண்டுக்குள் திரும்ப வேண்டும். இல்லையென்றால் அனுப்பிய நாளிலேயே விற்றதாகக் கணக்காகும். ஐடிசி-04 (ஜாப் ஒர்க் சரக்குக் கணக்குக் காட்டும் ஜிஎஸ்டி படிவம்) நிரப்பும்போது உதைப்பது பெரும்பாலும் மீதி நூலும் நிட்டிங்கில் கிடக்கும் பிட் ரோலும்தான். சப்ளையர் பில் ஜிஎஸ்டிஆர்-2பி-இல் (நாம் வாங்கிய பில்களின் ஜிஎஸ்டி பட்டியல்) வந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் போடுங்கள்.

சாயப்பட்டறைக்கும் நிட்டிங்குக்கும் 90 நாள், 120 நாள் இழுக்கும் பழக்கம் இப்போது செலவு வைக்கும். 2023 நிதிச் சட்டம் வருமான வரியில் 43பி(எச்) பிரிவாகக் கொண்டுவந்த விதிப்படி, உத்யம் (அரசின் சிறுதொழில்) பதிவுள்ள குறு, சிறு நிறுவனங்களின் பில்லை ஒப்பந்தம் எழுதியிருந்தால் அதிகபட்சம் 45 நாளுக்குள், எழுதாவிட்டால் 15 நாளுக்குள் கொடுக்க வேண்டும். கெடு தாண்டி, மார்ச் 31-க்குள்ளும் கொடுக்காத தொகையை அந்த ஆண்டுச் செலவாகக் கழிக்க முடியாது. கொடுத்த ஆண்டில்தான் கழிக்கலாம். ஆகவே ஒவ்வொரு சப்ளையரின் உத்யம் சான்றிதழையும் வாங்கி, வியாபாரியா உற்பத்தியாளரா என்று குறித்து வையுங்கள். நூல் வியாபாரிக்கு இந்தப் பிரிவு பொருந்தாது, பட்டறைக்குப் பொருந்தும். ஜனவரியிலேயே பாக்கிப் பட்டியல் எடுத்துவிட்டால் மார்ச் கடைசி வாரத்தில் ஓவர்டிராப்டைத் தேடி ஓட வேண்டாம். சொன்ன நாளில் பணம் வரும் பார்ட்டியின் துணிதான் பட்டறையில் முதலில் ஏறும் என்பதும் எல்லாருக்கும் தெரிந்ததே.

ஆர்டரை மூடும் கணக்கு

கன்டெய்னர் போன வாரத்திலேயே ஒரு தாளில் போடுங்கள்: வாங்கிய நூல், கிரே, கலர் துணி, வெட்டிய பீஸ், அனுப்பிய பீஸ், செகண்ட்ஸ் (குறையுள்ள பீஸ்), கட்டிங் வேஸ்ட், மீதித் துணி. ஒவ்வொரு வாசலிலும் எத்தனை கிலோ, எத்தனை நாள் என்று பக்கத்திலேயே எழுதுங்கள். 7 சதவீதம் என்று பேசிய பட்டறை லாஸ் 9 வந்திருந்தால் பில் பாஸாவதற்கு முன் பேசினால்தான் டெபிட் நோட் (பில்லில் கழிக்கும் சீட்டு) நிற்கும். இரண்டு மாதம் கழித்துக் கேட்டால் துணியும் இருக்காது, யார் ஏற்றினார்கள் என்ற நினைவும் இருக்காது. மீதித் துணியை லாட் நம்பர் எழுதிய சீட்டோடு அடுக்குங்கள். சீட்டு இல்லாத ரோல் அடுத்த ஆர்டருக்கு உதவாது. கிலோ கணக்கில் பிட் துணி வியாபாரிக்குத்தான் போகும்.