ஊரின் நீடித்த வளர்ச்சியை அளக்கும்போது எங்கே தவறுகிறோம்?

ஊராட்சி அலுவலகச் சுவர்களில் ‘இந்த ஆண்டு நடப்பட்ட மரக்கன்றுகள்’ என்று ஓர் எண் எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மூன்று கோடைகளைக் கடந்து அவற்றில் எத்தனை உயிரோடு நிற்கின்றன என்ற எண்ணை நான் எந்தச் சுவரிலும் பார்த்ததில்லை. ஆடு கடித்ததும், தண்ணீர் ஊற்ற ஆளில்லாமல் காய்ந்ததும் கணக்கில் வராமலே போய்விடுகின்றன. ஊர் சரியான திசையில் போகிறதா என்று அறியக் குறிகாட்டிகளை வைப்பவர்கள் செய்யும் முதல் தவறு இது: செய்த வேலையை எண்ணிவிட்டு, அதையே விளைச்சல் என்று நம்பிவிடுகிறார்கள்.

குடிநீரில் இந்தத் தவறு இன்னும் கொடுமையானது. 2019இல் அறிவிக்கப்பட்ட ஜல் ஜீவன் திட்டம் ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்று அளவு வைத்திருக்கிறது. குழாய் இணைப்புகளை மட்டும் எண்ணினால், அந்தக் குழாயில் வாரத்தில் எத்தனை நாள் தண்ணீர் வருகிறது என்பது தெரியாது. சரி, தண்ணீரையே அளக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். மேல்நிலைத் தொட்டிக்குப் பக்கத்துத் தெருவில் ஆளுக்கு 80 லிட்டர், குழாயின் கடைக்கோடித் தெருவில் 30 லிட்டர். இரண்டிலும் ஒரே அளவு மக்கள் இருந்தால் சராசரி 55. இலக்கை எட்டிவிட்டதாகப் பதிவேடு சொல்லும். கடைக்கோடித் தெருப் பெண்கள் குடத்தோடு காத்திருப்பார்கள். பல ஊர்களில் அந்தக் கடைசித் தெரு யாருடையது என்பது நம் எல்லோருக்கும் தெரியும். ஆகவே ஊருக்கு ஒரு சராசரி போதாது. தெருவாரியாக அளந்து, மிகக் குறைவாகப் பெறும் தெருவின் எண்ணை முதல் வரியில் எழுதுங்கள்.

ஓர் அளவே இலக்காகிவிட்டால் அது நல்ல அளவாக இருப்பதில்லை என்பார்கள். இந்தக் கருத்துக்கு வித்திட்டவர் பிரிட்டன் பொருளியலாளர் சார்லஸ் குட்ஹார்ட், ஆண்டு 1975. நம் நாட்டில் கழிப்பறைகள் இதற்குச் சாட்சி. திறந்தவெளியில் மலம் கழிக்கும் வழக்கம் ஒழிந்ததாக 2019 அக்டோபர் 2 அன்று அறிவித்தோம். 2019-21 தேசிய குடும்பநல ஆய்வோ, 19 சதவீதக் குடும்பங்கள் எந்தக் கழிப்பறையையும் பயன்படுத்தவில்லை என்று கண்டது. கட்டியது பெரும்பணிதான், மறுக்கவில்லை. ஆனால் நாம் துரத்தியது கட்டடத்தின் எண்ணிக்கையை. கேட்டிருக்க வேண்டியது, வீட்டில் எல்லோரும் அதைப் பயன்படுத்துகிறார்களா என்பதை.

நிலத்தடி நீரை அளப்பவர்கள் மழையிடம் ஏமாறுகிறார்கள். 2015 வடகிழக்குப் பருவமழை தமிழகத்தில் கொட்டித் தீர்த்தது. 2016இல் அதே மழை வழக்கத்தைவிட 62 சதவீதம் குறைந்தது. 2016 ஜனவரியில் கிணற்றை அளந்து, அடுத்த ஜனவரியிலும் அளந்த ஊர், தான் ஏதோ பெரிய தவறு செய்துவிட்டதாக நினைத்திருக்கும். ஏரியைத் தூர்வாரிய மறு ஆண்டே நல்ல மழை பெய்தால், எல்லாம் நம் உழைப்பு என்று தோன்றும். கிணற்றின் மட்டத்தோடு அந்த ஆண்டின் மழையளவையும் எழுதிவைத்தால்தான், ஒரே மாதிரி மழை பெய்த ஆண்டுகளை ஒப்பிட முடியும். இன்னொன்று: தமிழகத்தில் அரசின் நிலத்தடி நீர் மதிப்பீடு ஊர் ஊராகச் செய்யப்படுவதில்லை. பல ஊர்களுக்கும் சேர்த்து ஒரே எண். அந்த எண்ணை எடுத்து உங்கள் ஊரின் நிலை என்று எழுதாதீர்கள்.

எண்களைக் குவிப்பது அடுத்த தவறு. மத்திய பஞ்சாயத்து ராஜ் அமைச்சகம் 2025இல் வெளியிட்ட முதல் ஊராட்சி முன்னேற்றக் குறியீட்டில் 9 கருப்பொருள்களின் கீழ் 435 குறிகாட்டிகள் இருந்தன. இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட ஊராட்சிகளை ஒப்பிட அரசுக்கு அது தேவைப்படலாம். கிராம சபையில் உட்கார்ந்திருக்கும் ஒருவர் 435 எண்களை வைத்து என்ன செய்வார்? 1990களில் அமெரிக்காவின் சியாட்டில் நகர மக்கள் தங்கள் நகரத்துக்குக் குறிகாட்டிகளைத் தேர்ந்தெடுத்தபோது, ஓடைகளுக்குத் திரும்பிவரும் காட்டு சால்மன் மீன்களையும் சேர்த்துக்கொண்டார்கள். கரையோர மரங்களை வெட்டினாலும், ஓடையில் வண்டல் சேர்ந்தாலும், நீர் சூடானாலும் அந்த மீன் குறையும். ஒரே எண்ணில் காடு, நீர், நகரம் மூன்றும் பேசும். வேடந்தாங்கல் விவசாயிகளுக்கும் இது புதிதல்ல. பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் பயிருக்கு நல்லது என்று கண்டு, தலைமுறைகளாக அந்தப் பறவைகளைக் காத்து வருகிறார்கள். அங்கே பறவைகள் குறைந்தால் எவரும் அறிக்கை எழுதி விளக்க வேண்டியதில்லை.

எல்லாவற்றிலும் எனக்கு வருத்தம் தருவது, அளந்துவிட்டு அப்படியே விட்டுவிடுவது. மகாராஷ்டிராவின் ஹிவரே பஜார் என்ற கிராமத்தில் ஆண்டுதோறும் மழையையும் கிணற்று நீரையும் அளந்து கிராம சபையில் நீர்க்கணக்குப் போடுகிறார்கள். குடிநீருக்கு ஒதுக்கியது போக மிஞ்சுவதைப் பார்த்து, எந்தப் பயிர், எவ்வளவு பரப்பு என்று முடிவு செய்கிறார்கள். கரும்பு போன்ற தண்ணீர் குடிக்கும் பயிர்களைத் தவிர்க்கிறார்கள். எண் குறைந்தால் விதைப்பும் குறைகிறது. உங்கள் பட்டியலில் உள்ள ஒவ்வொரு குறிகாட்டிக்கும் பக்கத்தில், ‘இது குறைந்தால் எதை மாற்றுவோம்’ என்று ஒரு வரி எழுதிப் பாருங்கள். எழுத முடியாதவற்றை அடித்துவிடலாம்.

தமிழகத்தில் மார்ச் 22, உலகத் தண்ணீர் நாளிலும் கிராம சபை கூடுகிறது. அன்று காலை நாலு பேர் சேர்ந்து ஊர்ப் பொதுக்கிணற்றில் கயிறு விட்டு மட்டத்தை அளந்து, அந்த எண்ணைச் சபையில் உரக்கப் படித்துப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லுங்கள். அடுத்த ஆண்டும் அதே நாள், அதே கிணறு, அதே கயிறு.