வாயு சேமிக்கும் கரி: சிரட்டையிலும் உமியிலும் நடக்கும் தவறுகள்

மெதேன் போன்ற வாயுவைத் தன் நுண்துளைகளில் பிடித்துச் சிலிண்டரில் சேமிக்க உதவும் கரியைச் சிரட்டையிலும் உமியிலும் செய்யலாம். மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையில் சிரட்டை, மேற்கே படுவான்கரையிலும் சம்மாந்துறைப் பக்கத்திலும் நெல் உமி. இரண்டும் தாராளமாகக் கிடைக்கின்றன என்று இரண்டையும் ஒரே முறையில் கரியாக்குவதுதான் முதல் தவறு. சிரட்டையில் சாம்பல் 1 சதவீதமளவே. உமியில் 15 முதல் 20 சதவீதம். அதில் பெரும்பகுதி சிலிக்கா. கரியாக்கும்போது மற்றவை புகையாய்ப் போக, சிலிக்கா அப்படியே நின்றுவிடும். ஐதரோக்குளோரிக் அமிலத்தில் எத்தனை தடவை அலசினாலும் அது கரையாது. உமிக் கரியை, லீற்றருக்கு 40 கிராம் சோடியம் ஐதரொட்சைட்டுக் கரைத்த நீரில், கொதிநிலைக்குச் சற்றுக் கீழே, இரண்டு மணி நேரம் வைத்துக் கழுவ வேண்டும். ஆலைக் கொதிகலனில் அள்ளும் வெள்ளைச் சாம்பலைக் கொண்டுவர வேண்டாம். அதில் காபனே மிச்சமில்லை.

சிரட்டையில் தும்பைச் சுரண்டி, 1–2 மில்லிமீற்றராக உடைத்து, நைதரசனில் 500 பாகையில் ஒரு மணி நேரம் கரியாக்கலாம். குழியில் சுடும் கிடங்குக் கரி அடுப்புக்குச் சரி, இதற்கு ஆகாது. ஒரு துண்டு சாம்பலாயும் மற்றது தார் பிடித்தும் கிடக்கும்.

அடுத்தது, கரியில் நுண்துளைகளைத் திறக்கும் பொற்றாசியம் ஐதரொட்சைட்டு. கரி ஒரு பங்குக்கு இது மூன்று பங்கு, 700–800 பாகை, ஒரு மணி நேரம். பீங்கான், குவாட்ஸ் பாத்திரங்களை இது அரித்துவிடும். நிக்கல் பாத்திரமே தேவை. இந்தச் சூட்டில் பொற்றாசிய உலோகம் ஆவியாகி, குழாயின் குளிர்ந்த முனையில் படியும். உலை முற்றாக ஆறுமுன் நைதரசனை நிறுத்தினாலோ, திறந்தவுடன் தண்ணீர் ஊற்றினாலோ தீப்பற்றும். முதலில் ஈர நைதரசனை மெல்லச் செலுத்துங்கள். பிறகு ஐதான ஐதரோக்குளோரிக் அமிலம், அதன்பின் கழுவிய நீர் நடுநிலையாகும்வரை காய்ச்சி வடித்த நீர். வீட்டு முற்றத்தில் செய்யும் வேலையல்ல இது.

ஆனால் அதிகம் பேர் தவறுவது கணக்கில்தான். கிராமுக்கு 3000 சதுர மீற்றர் துளைப் பரப்பு என்றதும் மகிழ்ந்துவிடுகிறார்கள். சிலிண்டரில் அடைபடுவது கனவளவு. எடுத்துக்காட்டாக, ஒரு தூள் கிராமுக்கு 0.20 கிராம் மெதேன் பிடித்தாலும், லீற்றருக்கு 300 கிராமே கொள்ளுமானால் 60 கிராம் வாயுதான். கிராமுக்கு 0.13 கிராமே பிடிக்கும் சிரட்டை மணிகள் லீற்றருக்கு 500 கிராம் கொண்டால் 65 கிராம். மெதேனுக்கு ஏறத்தாழ 1 நனோமீற்றர் துளைதான் பயன், பெருந்துளை வெற்றிடமே.

கடற்கரைக் காற்றில் திறந்து வைத்த கரி ஈரத்தை உறிஞ்சியிருக்கும். நிரப்புமுன் வெற்றிடத்தில் 200 பாகையில் சில மணி நேரம் உலர்த்துங்கள். வேகமாக நிரப்பினால் கரி சூடேறும்: அழுத்தமானி 35 பார் காட்டும், ஆறியதும் இறங்கும். அந்த இறங்கிய அளவைத்தான் குறிக்க வேண்டும்.