வீட்டுக் கணினிக்குப் பொருந்தும் வீடியோ கமராவைக் குறைந்த செலவில் தெரிவு செய்தல்

நல்லூர்த் திருவிழாவுக்காகக் கனடாவிலிருந்து வந்த எங்கள் சித்தப்பா, திரும்பிப் போகும்போது தாம் பாவித்த வீடியோ கமராவை எங்களிடம் கொடுத்துவிட்டுப் போனார். சிறிய டிஜிற்றல் கசெற்றில் பதிவு செய்யும் அந்தக் கமராவின் படத்தில் இன்றைக்கும் பெரிதாகக் குறை சொல்ல முடியாது. அடுத்த ஆண்டுத் தேரன்று வெளிவீதியில் நின்று ஒரு மணித்தியாலம் படம் பிடித்துவிட்டு வந்து, கமராவின் பக்கத்திலிருந்த யூ.எஸ்.பி. துளையில் வயரைக் கொழுவினேன். சித்தப்பா முன்னர் எடுத்திருந்த நான்கைந்து நிழற்படங்கள் மட்டுமே கணினிக்கு வந்தன. கசெற்றிலுள்ள வீடியோவை எடுப்பதற்குப் பயர்வயர் என்னும் வேறோர் இணைப்பு வேண்டும் என்பதும், எங்கள் கணினியில் அது இல்லை என்பதும் அதன்பிறகுதான் தெரிந்தன. அந்தத் தேர் இன்னமும் அலுமாரிக்குள் கசெற்றிலேயே நிற்கிறது.

ஆகவே, வீடியோ கமரா வாங்க நினைப்பவர் முதலில் ஆராய வேண்டியது தமது வீட்டுக் கணினியையே. அதில் மூன்று விடயங்களைக் குறித்துக்கொண்டால் போதும்: எந்தத் தலைமுறைப் புரொசெசர், வன்தட்டில் எவ்வளவு இடம் மிச்சம், என்னென்ன துளைகள் உள்ளன. விண்டோஸ் கணினியின் அமைப்புகளில் ‘சிஸ்ரம்’ பகுதிக்குள் ‘அபவுற்’ (About) என்பதைத் திறந்தால் புரொசெசரின் பெயர் தெரியும். இன்ரெல் ஐ5-4570 என்று இருந்தால், கோட்டுக்குப் பின்னால் வரும் 4 என்பது நான்காம் தலைமுறையைக் குறிக்கும். ஐ5-10400 என்றால் பத்தாம் தலைமுறை. கந்தோர்களில் பாவித்து முடிந்து விற்பனைக்கு வரும் கணினியை வாங்கியவர்கள் இந்த எண்ணைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

தலைமுறை ஏன் முக்கியம் என்றால், கமரா தான் பிடிக்கும் படத்தை அப்படியே எழுதி வைப்பதில்லை, சுருக்கித்தான் எழுதுகிறது. அந்தச் சுருக்கத்தை ஒவ்வொரு செக்கனும் விரித்துக் காட்டும் வேலை கணினியுடையது. எச்.264 என்னும் சுருக்க முறையைப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் பழைய கணினிகளும் சிரமமின்றி விரிக்கும். 2013 இல் வெளிவந்த எச்.265 முறை குறைந்த இடத்தில் அதே தரத்தைத் தருவதாயினும், அதை விரிப்பதற்கான தனிச் சுற்று இன்ரெல் புரொசெசர்களில் 2015 இல் வந்த ஆறாம் தலைமுறையிலிருந்துதான் முழுமையாக இருக்கிறது. நிறத்தை 10 பிற் ஆழத்தில், அதாவது கூடுதல் நுண்ணிய படிகளில், பதியும் வகைக்கு ஏழாம் தலைமுறை வேண்டும். ஆறாம் தலைமுறைக்கு முந்திய கணினியில் 4கே அளவிலான (புல் எச்.டி. படத்தைவிட நான்கு மடங்கு புள்ளிகள் கொண்ட) எச்.265 வீடியோவைப் போட்டால், ஒலி ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கப் படம் விக்கி விக்கி நகரும். கமரா பழுது என்று கடைக்காரரோடு சண்டை பிடிப்பவர்களில் சிலருடைய பிரச்சினை உண்மையில் இதுதான். பழைய கணினி வைத்திருப்பவர் எச்.264 இல் பதியும் கமராவை, அல்லது மெனுவில் இரண்டில் ஒன்றைத் தெரிவு செய்ய விடும் கமராவைத் தேட வேண்டும். சொனியும் பனசொனிக்கும் 2006 இல் கொண்டுவந்த ஏ.வி.சி.எச்.டி. வடிவமும் உள்ளே எச்.264 தான், அந்த வகைக் கமராக்கள் பாவித்த நிலையில் மலிவாகக் கிடைத்தால் தயங்கத் தேவையில்லை.

அடுத்தது இடம். கமராவின் விபரக்குறிப்பில் செக்கனுக்கு எத்தனை மெகாபிற் என்று இருக்கும். அதை எட்டால் பிரித்தால் மெகாபைற். அதை 3600 ஆல் பெருக்கினால் ஒரு மணித்தியாலத்துக்குரிய அளவு. 24 மெகாபிற்றில் பதியும் புல் எச்.டி. வீடியோ மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 11 ஜிகாபைற் பிடிக்கும். 100 மெகாபிற்றில் பதியும் 4கே வீடியோ 45 ஜிகாபைற் பிடிக்கும். நான்கு மணித்தியாலக் கலியாணவீட்டை இரண்டாவது வகையில் எடுத்தால் 180 ஜிகாபைற் ஆகிறது. 256 ஜிகாபைற் வன்தட்டுள்ள மடிக்கணினியில் விண்டோஸும் மற்றவையும் பிடித்த இடம் போக அதை வைக்கவே வழியில்லை, வெட்டி ஒட்டுவது எங்கே? எனவே குடும்ப நிகழ்வுகளுக்குப் புல் எச்.டி. போதும் என்பதே என் கருத்து.

மெமரி காட் வாங்குவதில் சிக்கனம் பார்க்கக் கூடாது. புல் எச்.டி. பதிவுக்குக் ‘கிளாஸ் 10’ குறியுள்ள காட் போதும். 4கே என்றால் யூ3 அல்லது வி30 குறி வேண்டும், அதாவது செக்கனுக்குக் குறைந்தது 30 மெகாபைற் எழுதும் வேகம். 256 ஜிகாபைற் என்று அச்சிட்டு உள்ளே அதில் ஒரு பங்கையே கொண்ட போலிக் காட்களும் சந்தையில் உண்டு. அவை நிரம்பியதைச் சொல்லாமல் பழையதன் மேலேயே எழுதிக்கொண்டு போகும். எச்2ரெஸ்ற்டபிள்யூ (H2testw) என்னும் இலவச மென்பொருள், காட்டை முழுவதும் எழுதி, திரும்ப வாசித்து உண்மையைச் சொல்லிவிடும். கணினியில் காட் துளை இல்லாவிட்டால் சிறிய காட் ரீடர் ஒன்று வாங்கிக்கொள்ளலாம்.

எங்கள் ஊரில் கமராக்களில் கணிசமானவை கடையிலிருந்து வருவதில்லை, விமானத்தில் வருகின்றன. அப்படி வந்தால் முதலில் சார்ஜரைத் திருப்பிப் பாருங்கள். 100–240 வோல்ற் என்று இருந்தால் பிளக்குக்கு அடப்டர் போட்டால் போதும்; 120 மட்டும் எழுதியிருந்தால் எங்கள் 230 வோல்ற்றில் கொழுவிய கணமே அது முடிந்தது. இரண்டாவது, பிறேம் எண்ணிக்கை, அதாவது வீடியோவில் ஒரு செக்கனுக்கு வரும் தனிப் படங்களின் தொகை. கனடாவில் விற்கப்படும் கமராக்கள் செக்கனுக்கு 30 அல்லது 60 பிறேம் வீதம் பதியும், ஏனெனில் அங்கு மின்சாரம் 60 ஹேர்ட்ஸ்; இங்கும் லண்டனிலும் 50 ஹேர்ட்ஸ். அந்தக் கமராவைக் கொண்டு எங்கள் ரியூப் லைற் வெளிச்சத்தில் படம் பிடித்தால், சுவரில் மங்கிய பட்டைகள் மேலும் கீழுமாக நகர்வதைக் காணலாம். மெனுவில் செக்கனுக்கு 25 அல்லது 50 பிறேம் பதியும் ‘பால்’ (PAL) முறைக்கு மாற்ற முடிந்தால் மாற்றுங்கள். முடியாவிட்டால் ஷட்டர் வேகத்தை, அதாவது ஒவ்வொரு பிறேமுக்கும் ஒளி விழும் நேரத்தை, செக்கனில் 50 இல் ஒன்று அல்லது 100 இல் ஒன்று என்று கையால் வைக்க முடிகிறதா என்று பாருங்கள். இரண்டுக்கும் இடமில்லாத கமராவை அன்போடு வாங்கி, பகல் வெளிச்சத்துக்கு மட்டும் பாவிக்கலாம்.

கமராவிலேயே பார்க்க வேண்டியவை இதற்குப் பின்புதான் வருகின்றன. பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் உள்ள மெகாபிக்சல் கணக்கையும் டிஜிற்றல் ஸூமையும் பொருட்படுத்த வேண்டாம். டிஜிற்றல் ஸூம் என்பது எடுத்த படத்தை வெட்டிப் பெருப்பிப்பதுதான், அதைக் கணினியிலேயே செய்யலாம். வில்லையை நகர்த்தியே காட்சியைக் கிட்டக் கொண்டுவரும் ஒப்ரிக்கல் ஸூம் எத்தனை மடங்கு என்பதே கேள்வி. கூட்டத்துக்குப் பின்னால் நின்று சுவாமியின் முகத்தைப் பிடிக்க அது இல்லாமல் முடியாது. பல கைத்தொலைபேசிகளுக்கு மேலாக வீடியோ கமரா ஒன்றை வாங்குவதற்கு எஞ்சியிருக்கும் நியாயமும் அதுவே.

ஒலியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். தவிற்காரர் தனியாவர்த்தனம் தொடங்கியதும் மலிவான கமராவின் தானியங்கி ஒலிக் கட்டுப்பாடு திணறும்: அடிகள் கரகரத்து உடையும், அடுத்து வரும் நாதஸ்வரம் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போலாகும். ஒலி அளவைக் கையால் குறைக்கும் வசதியும், வெளி மைக் கொழுவும் 3.5 மில்லிமீற்றர் துளையும் உள்ள கமராவுக்குச் சற்றுக் கூடக் கொடுக்கலாம். நிழற்படக் கமராவை வீடியோவுக்கு வாங்க நினைப்பவர்கள், அவற்றில் பழையவை பல 29 நிமிடம் 59 செக்கனில் பதிவை நிறுத்திவிடும் என்பதை அறிந்திருக்க வேண்டும். அரங்கேற்றத்தில் வர்ணம் முடியுமுன் அப்படி நின்றால் யாரை நோவது?

இவ்வளவையும் தாளில் பார்த்த பின்பும் காசை எடுக்க வேண்டாம். உங்கள் சொந்த மெமரி காட்டை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய், அந்தக் கமராவில் இரண்டு நிமிடம் வீதியைப் பதிய அனுமதி கேளுங்கள். ஓடும் வாகனங்களும் நடக்கும் ஆட்களும் படத்துக்குள் வரட்டும். கமராவை ஒருமுறை இடமிருந்து வலமாக மெதுவாகத் திருப்புங்கள். வீட்டுக்கு வந்து, காட்டிலுள்ள தனிக் கோப்பை மட்டுமன்றி முழுக் கோப்புறையையும் கணினிக்குப் பிரதி செய்யுங்கள். நீண்ட பதிவுகளைக் கமரா துண்டு துண்டாக எழுதுவதால் துண்டுகளை இணைக்கும் விபரமும் அதற்குள்ளேயே இருக்கும். வி.எல்.சி. என்னும் இலவச வீடியோ இயக்கியில் ஓடவிட்டுப் பாருங்கள். பிறகு ஷொட்கட் போன்ற இலவசத் தொகுப்பு மென்பொருளில் போட்டு, நடுவில் ஓரிடத்தில் வெட்டி, வெட்டிய இடத்தை முன்னும் பின்னும் இழுத்துப் பாருங்கள். அந்த இடத்தில் படம் உறையாமல் கையோடு வந்தால், மறுநாள் காசோடு கடைக்குப் போகலாம்.