மலையில் கோழிக்குக் கண் கெட்டால்: மருந்துக்கு முன் கொட்டகையைப் பாருங்கள்

கோழி கண்ணை மூடிக்கொண்டு ஓரமாக நின்றால் உடனே சொட்டு மருந்து தேடி ஓடுவது வழக்கமாகிவிட்டது. ஒரு வாரம் சொட்டு விட்டும் கண் திறக்கவில்லை என்றால் மருந்தைக் குறை சொல்கிறோம். நீலகிரியிலும் பழனி மலைத்தொடரிலும் மருந்துக்கு அசையாத கண்ணுக்குக் காரணம் பல நேரம் கொட்டகைக்குள் இருக்கும் காற்றுதான்.

கோழியைப் பிடிப்பதற்கு முன் இரண்டு விஷயம் பாருங்கள். ஒரு கண்ணா, இரண்டு கண்ணுமா? ஒரு கோழிக்கா, பல கோழிக்கா? ஒரே கோழிக்கு ஒரே கண் என்றால் கொத்து, முள், வைக்கோல் துரும்பு என்று அடிபட்ட காரணங்களை முதலில் நினைக்கலாம். பல கோழிக்கு இரண்டு கண்ணும் என்றால் காற்றைச் சந்தேகப்படுங்கள். தும்மலோ மூக்கொழுகலோ சேர்ந்திருந்தால் தொற்றாக இருக்கலாம். தோள்பட்டை இறகையும் பாருங்கள். உறுத்தும் கண்ணைக் கோழி அங்கேதான் தேய்க்கும். ஒரு பக்க இறகு மட்டும் ஈரமாகி, பழுப்பேறி ஒட்டிக் கிடந்தால், அந்தப் பக்கக் கண் மூடாமல் இருந்தாலும் அதில் தொந்தரவு தொடங்கிவிட்டது என்று பொருள்.

அமோனியா

மார்கழி, தை மாத உறைபனிக்குப் பயந்து கொட்டகையை நாலு பக்கமும் தார்ப்பாயால் அடைத்துவிடுகிறோம். கோழிக்குக் குளிரைவிட இந்த அடைப்புதான் கெடுதல். இறகு மூடிய வளர்ந்த கோழி, உடம்பு நனையாமலும் நேர்க்காற்று படாமலும் இருந்தால் குளிரைத் தாங்கும். எச்சத்தில் இருந்து கிளம்பும் அமோனியாவை அதன் கண் தாங்காது. மூடிய கொட்டகையில் ஈரமும் வெளியேறாது, தரையில் பரப்பிய கூளம் நனைந்தே கிடக்கும், அமோனியா இன்னும் கூடும். கோழி வெளிச்சத்துக்குக் கூசும், இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டு நிற்கும். விட்டுவிட்டால் கருவிழி நடுவில் புகைபடிந்து புண்ணாகும்.

காலையில் கதவைத் திறந்தவுடன், கோழி அடையும் உயரத்துக்குக் குனிந்து மூச்சிழுங்கள். நம் மூக்கு ஏறத்தாழ 20 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காற்றில் 20 பங்கு) அளவிலேயே அமோனியாவைக் கண்டுபிடித்துவிடும். ஆனால் சீக்கிரமே பழகியும்விடும். அதனால் முதல் இரண்டு மூச்சில் தெரிவதுதான் கணக்கு. நமக்கே கண் கரித்தால் கோழியின் கண் ஏற்கெனவே கெட ஆரம்பித்திருக்கும்.

காற்று அடிக்கும் பக்கத்தை அடைத்துவிட்டு, எதிர்ப்பக்கத்தில் கூரைக்குக் கீழே அரையடி இடைவெளியைக் கொட்டகை நீளத்துக்கும் விடுங்கள். அது கோழியின் தலைக்கு மேலே இருக்க வேண்டும். கூளம் மூன்று, நான்கு அங்குலம் போதும். சில்வர் ஓக் மரச்சீவல் நல்லது. நைசான மரத்தூள் பறந்து கண்ணில் விழும். ஒரு கைப்பிடி அள்ளி இறுக்கிவிட்டு விரலைத் திறங்கள். உருண்டையாகவே நின்றால் ஈரம் அதிகம், மாற்ற வேண்டும். தண்ணீர்த் தட்டைச் சுற்றித்தான் முதலில் நனையும். தட்டின் விளிம்பு கோழியின் முதுகு உயரத்துக்கு இருந்தால் சிந்துவது குறையும்.

நாற்றம் போகட்டும் என்று ஈரக்கூளத்தின் மேலேயே சுண்ணாம்பு தூவுகிறவர்கள் உண்டு. விளைவு தலைகீழ். சுண்ணாம்பின் காரம் பட்டதும், கூளத்துக்குள் கட்டுண்டிருந்த அமோனியா ஒரேயடியாக மேலே வரும். பழைய கூளத்தை முழுக்க வாரிய பிறகு, கோழி இல்லாத நேரத்தில் வெறும் தரையில் தூவுங்கள். குளிருக்குக் கரி அடுப்பை உள்ளே வைப்பதும் வேண்டாம். புகை கண்ணுக்குக் கேடு, அடைத்த கொட்டகையில் அது உயிரையும் எடுக்கும்.

காற்று சரியானால் லேசான பாதிப்பு தானாகவே ஆறும். அதற்குச் சில வாரம் ஆகும். மூன்றாம் நாளே மருந்தை மாற்ற வேண்டியதில்லை.

கண்ணைக் கழுவும் முறை

ஒரு லிட்டர் தண்ணீருக்கு 9 கிராம் உப்பு, அதாவது தலை தட்டிய ஒன்றரை டீஸ்பூன். உதகை 2,240 மீட்டர் உயரம் என்பதால் அங்கே தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். குமிழ் வந்ததும் இறக்காமல் ஐந்து நிமிடமாவது கொதிக்கவிட்டு, மூடி ஆறவையுங்கள். அன்றன்றைக்குப் புதிதாகத் தயாரியுங்கள்.

கோழியின் இறக்கை அசையாதபடி துண்டில் சுற்றி, தலை மட்டும் வெளியே இருக்க மடியில் வைத்துக்கொள்ளுங்கள். மார்பை இறுக்க வேண்டாம். கோழி மார்பு விரிந்தால்தான் மூச்சு விடும். ஊசி கழற்றிய சிரிஞ்சில் வெதுவெதுப்பான உப்புநீரை எடுத்து, கண்ணின் மூக்குப் பக்க மூலையில் இருந்து வெளிப்பக்கமாக மெல்ல ஓடவிடுங்கள். ஒரு கண்ணுக்கு ஐந்து முதல் பத்து மில்லி. கண்ணுக்குக் குறுக்கே வெளுப்பாக ஒரு சவ்வு ஓடினால் பயப்படாதீர்கள், அது கோழியின் மூன்றாவது இமை. இமை ஒட்டிக்கொண்டிருந்தால் பிய்க்காமல், வெதுவெதுப்பான நீரில் நனைத்த காஸ் துணியை ஐந்து நிமிடம் வைத்தால் இளகும். வெறும் பஞ்சு வேண்டாம், அதன் இழை கண்ணில் ஒட்டும்.

கோழிக்குச் சீழ் நம்மைப் போல ஒழுகாது. இமைக்குள் கெட்டியான கட்டியாகத் திரண்டு நிற்கும். எத்தனை சொட்டு விட்டாலும் அந்தக் கட்டி இருக்கும்வரை மருந்து விழியில் படாது. இளகிய பிறகு கீழிமையை லேசாக இழுத்து, நனைத்த பட்ஸால் வெளிப்பக்கமாக உருட்டிப் பாருங்கள். வந்தால் முழுசாக வரும். வராவிட்டாலோ ரத்தம் கசிந்தாலோ நிறுத்திவிட்டு மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். கண்ணுக்குக் கீழே கன்னம் வீங்கியிருந்தால் அதை அமுக்கக்கூடாது. அங்கே இருப்பது சளி நிறைந்த பை.

சொட்டு மருந்து ஸ்டீராய்டு கலக்காததாக இருக்கட்டும். அட்டையில் டெக்ஸாமெத்தசோன், பீட்டாமெத்தசோன், பிரெட்னிசோலோன் என்று இருந்தால் டாக்டர் பார்க்காமல் விடாதீர்கள். விழியில் கீறல் இருந்தால் அது புண்ணை ஆழமாக்கிவிடும். வீட்டில் மிச்சமிருக்கும் குளோராம்பெனிகாலும் வேண்டாம், அதன் முட்டையையும் கறியையும் நாம் சாப்பிடுகிறோம் அல்லவா. டாக்டர் எழுதித் தரும் மருந்துக்கு எத்தனை நாள் முட்டையை ஒதுக்க வேண்டும் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். தண்ணீரில் கலக்கும் ஆன்டிபயாட்டிக்கை மட்டும் நம்ப வேண்டாம். நோய்ப்பட்ட கோழி, அதுவும் இந்தக் குளிரில், போதிய தண்ணீர் குடிக்காது.

நீலகிரித் தைலத்தைக் கண்ணைச் சுற்றித் தடவும் பழக்கமும் போக வேண்டும். சளிக்குத் தடவியதுகூடத் தேய்க்கும்போது கண்ணுக்குள் போகும், கடுமையாக எரியும்.

வேறு என்னவாக இருக்கலாம்

கண் மூலையில் நுரைக் குமிழும் மூச்சில் கரகரப்பும் இருந்தால் மைக்கோபிளாஸ்மா என்ற மூச்சுநோய். ஒரு பக்க முகம் வீங்கி, கிட்டப் போனாலே அழுகல் நாற்றம் அடித்தால் கொரைசா என்ற தொற்றுச் சளி. இரண்டிலும் தேறிய கோழி, பார்க்க நன்றாக இருந்தாலும் கிருமியைச் சுமந்துகொண்டேயிருக்கும். சந்தையில் வாங்கிய கோழியை மூன்று வாரம் தனியே வைக்கச் சொல்வது இதற்காகத்தான்.

இமையில் கறுத்த பொருக்கு என்றால் அம்மை. கொசுதான் பரப்பும், கோழிகள் கொத்திக்கொள்ளும் காயத்திலும் பரவும். பொருக்கைப் பிய்க்காதீர்கள், இரண்டு முதல் நான்கு வாரத்தில் தானே உதிரும். மஞ்சள், வேப்பிலை விழுதைப் பொருக்கின் மேல் தடவலாம், விழியில் படக்கூடாது.

குருணையும் மிச்சச் சோறும் மட்டுமே தின்று வளரும் கோழிக்கு வைட்டமின் ஏ கிடைக்காது. இமைக்குள் வெள்ளைக் கட்டி, வாய்க்குள் வெள்ளைக் கொப்பளம் இரண்டும் சேர்ந்து வந்தால் அதுதான். கேத்தி, கூக்கல்தொரை பக்கம் காரட்டுக்குப் பஞ்சமில்லை. கழிவு காரட்டைத் துருவி, சில சொட்டு எண்ணெய் விட்டுக் கொடுங்கள். முழுசாகப் போட்டால் கொத்திவிட்டு விட்டுவிடும். தோட்டத்துக் கீரையும் தழையும் மருந்தடித்ததா என்று கேட்டுவிட்டு, கழுவிப் போடுங்கள். வைட்டமின் திரவத்தை லேபிளில் உள்ள அளவுக்கு மேல் ஊற்ற வேண்டாம். ஏ சத்து ஈரலில் சேர்ந்து நஞ்சாகும்.

கூடலூர், பந்தலூர், தாண்டிக்குடி போன்ற சூடான, ஈரமான இடங்களில் கண்புழுவுக்கு வாய்ப்பு அதிகம். மூன்றாம் இமைக்கு அடியில் வெள்ளை நூலாக நெளியும். மட்கிய இலைக்கடியில் வாழும் ஒருவகைக் கரப்பானைத் தின்பதால் வருவது. மரத்துப்போகும் சொட்டு விட்டு டாக்டர்தான் எடுக்க வேண்டும்.

கண்ணின் நிற வளையம் சாம்பலாகி, நடுவில் உள்ள பாப்பா கோணலாகச் சுருங்கினால் மாரெக்ஸ் என்ற வைரஸ் நோய். அதற்கு மருந்து கிடையாது, குஞ்சு பொரித்த முதல் நாளில் போடும் தடுப்பூசி மட்டுமே. வெள்ளைக்கழிச்சலுக்குக் கண்ணில் சொட்டும் தடுப்பு மருந்து விட்டபின் சில நாள் லேசாக நீர் வடிவது சாதாரணம். அந்த மருந்தோ நோய்க்கோழியின் நீரோ கையில் பட்டு நம் கண்ணைக் கசக்கினால் நமக்கும் கண் சிவக்கும், சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

தலை முழுக்க வீங்கி, கொண்டை நீலமாகி, அடுத்தடுத்து கோழிகள் விழுந்தால் எதையும் தொடாமல் கால்நடைத் துறைக்குச் சொல்லுங்கள். ஆம்புலன்ஸ் எண் 1962.

ஒரு கண் போனாலும் கோழி முட்டையிடும். தீவனத்தை ஆழமான தட்டில் பார்வை உள்ள பக்கம் வையுங்கள், பிடிக்கப் போகும்போதும் அந்தப் பக்கமாகவே போங்கள். அடையும் கம்பு தரையில் இருந்து ஒரு அடிக்கு மேல் வேண்டாம். மற்ற கோழிகள் அந்தக் கண்ணையே கொத்தும் என்பதால், ஆறும்வரை கம்பிவலைத் தடுப்புக்கு அந்தப் பக்கம், கூட்டத்தின் கண்ணில் படும்படி வைத்திருந்தால் திரும்பச் சேர்க்கும்போது சண்டை குறையும்.