மருத்துவத்தில் செல்போன்: நாம் பயப்படும் இடமே தப்பு

செல்போன் வந்த பிறகு மருத்துவத்தில் பல வேலைகள் சுலபமாகிவிட்டன. புண்ணைப் படமெடுத்து அனுப்பினால் ஆறுகிறதா, சீழ் வைக்கிறதா என்று மருத்துவர் தூரத்திலிருந்தே பார்த்துச் சொல்கிறார். கென்யாவில் எச்ஐவி நோயாளிகளுக்கு வாரம் ஒரு குறுஞ்செய்தி அனுப்பி நலம் விசாரித்தார்கள். 2010இல் வெளியான அந்த ஆய்வில், செய்தி வந்தவர்கள் மற்றவர்களைவிட ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டது தெரிந்தது. அதற்குப் பட்டன் போனே போதும்.

பயன் இருக்கட்டும், ஆபத்து விஷயத்தில்தான் குழப்பம். போன் என்றதும் எல்லோரும் கதிர்வீச்சைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள். 2011இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, செல்போன் அலைகளை 'புற்றுநோய் வரக் காரணமாக இருக்கலாம்' என்ற 2பி பிரிவில் சேர்த்தது உண்மை. சான்று உறுதியாக இல்லாதவற்றை வைக்கும் பிரிவு அது. கற்றாழையின் முழு இலைச் சாறுகூட அதில் இருக்கிறது. 2024இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோதும் செல்போனுக்கும் மூளைப் புற்றுநோய்க்கும் தொடர்பு தெரியவில்லை.

இதயத் துடிப்பைச் சீராக்க நெஞ்சில் பொருத்தும் பேஸ்மேக்கர் கருவி வைத்திருப்பவர்கள் மட்டும் கவனமாக இருக்க வேண்டும். சட்டைப் பையில், கருவிக்கு நேர் மேலே போனை வைக்கக் கூடாது. குறைந்தது 15 சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும். சில புதிய போன்களில் இருக்கும் காந்தம் கருவியின் செயல்பாட்டை மாற்றிவிடக்கூடும்.

அடுத்தது கிருமி. கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு உடனே போனை எடுத்தால் கழுவியது வீண். மருத்துவமனையில் வேலை செய்பவர்களின் போன்களில் நோய்க் கிருமிகள் இருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நோயாளியைப் பார்க்கப் போகிறவர்களின் போனும் அப்படித்தான். போனை அணைத்து, உறையைக் கழற்றி, 70 சதவீத ஆல்கஹால் துடைப்பானால் துடைக்கலாம். திரவத்தை நேராகத் தெளிக்க வேண்டாம், ப்ளீச் வேண்டவே வேண்டாம்.

போன் கேமராவில் விரலை வைத்து ஆக்சிஜன் அளவு காட்டும் செயலிகளை நம்பி, மூச்சுத் திணறுகிறவரை வீட்டிலேயே வைத்திருப்பது எனக்குத் தெரிந்து மிக மோசமான தவறு. எண் நன்றாக இருந்தாலும், மூச்சு வாங்கினால் மருத்துவமனைக்குக் கிளம்பிவிட வேண்டும்.

சரி, சுற்றுச்சூழல். ஒரு போன் தன் ஆயுளில் வெளியேற்றும் கார்பனில் பெரும்பகுதி அது தயாராகும்போதே வெளியேறிவிடுகிறது. சார்ஜரைப் பிடுங்கி மின்சாரம் மிச்சம் பிடித்துவிட்டு வருஷா வருஷம் போனை மாற்றினால் கணக்கு எங்கே சரியாகும்? சர்க்கரை அளவு பதியும் செயலி ஓடவில்லை என்று நல்ல போனைத் தூக்கிப் போடும் முன், மருத்துவரிடம் ஒரு தாளில் எழுதிக் காட்டினால் போதுமா என்று கேளுங்கள். பெரும்பாலும் போதும்.

2022இல் உலகம் முழுக்கச் சேர்ந்த மின்கழிவு 6.2 கோடி டன். முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகப் பதிவானது 22.3 சதவீதம்தான். இதில் போன்களின் பங்கு சிறியது, ஆனால் வீட்டுக் குப்பையோடு சுலபமாகக் கலந்துவிடுவது அதுதான். மின்கழிவிலிருந்து செம்பு எடுக்க வயர்களை எரிக்கும் இடங்களில் டையாக்சின் என்ற நச்சுப் பொருள் கிளம்புகிறது. மின்சுற்றுப் பலகைகளைச் சூடாக்கிப் பிரிக்கும்போது வெளிவரும் ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கிறது. ஒருவர் ஆரோக்கியத்துக்காக வாங்கிய கருவி இன்னொருவர் வீட்டுக் குழந்தைக்கு நோயாகப் போய்ச் சேர்கிறது.

பேட்டரி உப்பியிருந்தால் அழுத்துவதோ குத்துவதோ சார்ஜ் போடுவதோ கூடாது. குப்பை வண்டியில் நசுங்கும் லித்தியம் பேட்டரி தீப்பிடிக்கும். அதனால் மின்கழிவு சேகரிக்கும் இடத்தில்தான் கொடுக்க வேண்டும்.

கொடுப்பதற்கு முன் மருத்துவ அறிக்கைகள், மருந்துச் சீட்டுப் படங்கள் எல்லாவற்றையும் வேறு இடத்தில் சேமித்துவிட்டு, கணக்குகளிலிருந்து வெளியேறி, போனில் உள்ளதையெல்லாம் அழிக்கும் ஃபேக்டரி ரீசெட் செய்யுங்கள். அப்புறம் சிம்மையும் மெமரி கார்டையும் எடுத்துவிடுங்கள். ரீசெட் செய்தால் கார்டில் இருப்பதும் அழிந்துவிடும் என்று நினைக்காதீர்கள்.